தார்ச்சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் ஒரே டயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் வசதியுள்ள எஸ்.யூ.வி. பெரும்பாலும் நெடுஞ்சாலையில்தான் ஓடுகிறது. மாதத்தில் ஓரிரு முறை மலைப்பாதை, ஆற்று மணல், சேறு என்று இறக்குவேன். டயர்கள் தேய்ந்துவிட்டன. கடைக்காரர் பெரிய பட்டன் கொண்ட மட் டெரெய்ன் டயரைப் பரிந்துரைக்கிறார். நண்பர்கள் ஆல் டெரெய்ன் போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: டயர் வாங்கும்போது பெரும்பாலோர், வண்டி சிக்கிக்கொள்ளக்கூடிய மிக மோசமான இடத்தை மனத்தில் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்பாக, மழை பெய்துகொண்டிருக்கும் நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகையில் திடீரென்று பிரேக் மிதிக்க நேரும் கணத்தை நினைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சேற்றில் பிடிமானம் போனால் வண்டி நின்றுவிடும், கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம். ஈரச் சாலையில் பிடிமானம் போனால் நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காது.

மட் டெரெய்ன் டயரில் பட்டன்கள், அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள், பெரிதாகவும் அவற்றுக்கு இடையிலான பள்ளங்கள் மிக அகலமாகவும் இருக்கும். சக்கரம் வேகமாகச் சுழலும்போது பள்ளத்தில் அப்பிய சேறு வெளியே வீசப்பட்டு, அடுத்த சுற்றில் பட்டனின் விளிம்பு மறுபடியும் மண்ணைக் கவ்வுகிறது. சேற்றில் இதற்கு இணையான டயர் கிடையாது. ஆனால் தார்ச்சாலையில் அதே அகலமான பள்ளங்களால் தரையைத் தொடும் ரப்பரின் அளவு குறைந்துபோகிறது. உயரமான கட்டிகள் பிரேக் மிதிக்கும்போதும் வளைவுகளிலும் சாய்ந்து நெளிகின்றன. ஈரத்தில் பிடிமானம் தரும் மெல்லிய கீறல்களும் அவற்றில் குறைவு. இவற்றோடு இரைச்சல், கூடுதல் எடை, கூடுதல் எரிபொருள் செலவு ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. நீங்கள் குறிப்பிட்ட ஆற்று மணலிலும் மட் டெரெய்ன் சிறந்தது என்று சொல்ல முடியாது, ஏனெனில் காய்ந்த மணலில் பெரிய பட்டன்கள் வண்டியை முன்னே தள்ளுவதைவிடக் கீழே தோண்டும் வேலையைத்தான் அதிகம் செய்கின்றன.

மறு முனையில் இருப்பது, வண்டியோடு பெரும்பாலும் வரும் ஹைவே டெரெய்ன் வகை. அமைதியாக ஓடும், மெதுவாகத் தேயும். ஆனால் களிமண் சேற்றில் இரண்டு மூன்று சுற்றுக்குள் பள்ளங்கள் அடைபட்டு மொட்டை டயர் போலாகிவிடும்.

உங்கள் ஓட்டத்துக்கு, இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஆல் டெரெய்ன்தான் சரி. உங்கள் நண்பர்கள் பக்கமே நானும் நிற்கிறேன். வாரந்தோறும் சேற்றிலோ பாறைகளிலோ வண்டியை இறக்குவதுதான் வேலை என்பவர்களுக்கு மட்டுமே மட் டெரெய்ன் பொருந்தும். காய்ந்த மண்சாலைக்கு மேல் போவதில்லை என்பவர்களுக்கோ, நல்ல நிலையிலுள்ள ஹைவே டெரெய்னே போதுமானது.

கேள்வி: ஆல் டெரெய்ன் என்ற பெயரில் பல டயர்கள் வருகின்றன. எல்லாம் ஒன்றுதானா? கடையில் நிற்கும்போது எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: ஒன்றல்ல. அந்தப் பெயருக்குள் ஏறக்குறைய ஹைவே டயர் போன்றவையும் உண்டு, மட் டெரெய்னை நெருங்குபவையும் உண்டு. விளம்பரப் படத்தை விட்டுவிட்டு டயரைக் கையால் தடவிப் பாருங்கள். நடுப்பகுதியில் கட்டிகள் ஒன்றோடொன்று நெருங்கி, ஏறக்குறைய தொடர்ச்சியான பட்டையாக அமைந்திருந்தால் நெடுஞ்சாலையில் வண்டி நேராக ஓடும், இரைச்சலும் குறையும். ஒவ்வொரு கட்டியின் மீதும் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் உள்ளனவா என்று பாருங்கள். ஈரச் சாலையில் பிடிமானம் தருபவை அவையே. தோள்பகுதியில், அதாவது தரையைத் தொடும் பரப்பு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், பள்ளங்கள் அகலமாகத் திறந்திருந்தால் சேறு வெளியேறுவதற்கு வழி இருக்கிறது என்று பொருள். பள்ளத்தின் அடியில் சிறிய மேடுகள் வரிசையாகத் தெரிந்தால் அவை கூழாங்கல் உள்ளே சிக்கி, நாளடைவில் அடிவரை குடைந்துவிடாமல் தள்ளிவிடுவதற்காக வைக்கப்பட்டவை. ஜல்லிப் பாதையில் அடிக்கடி ஓடுபவர்கள் அவற்றை அவசியம் பார்க்க வேண்டும்.

அடுத்து, பக்கச்சுவரில் உள்ள எழுத்துகள். 265/65 ஆர் 17 112 எஸ் என்றிருந்தால், அகலம் 265 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு, ரேடியல் கட்டமைப்பு, 17 அங்குல ரிம் என்று பொருள். 112 என்பது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும் என்பதையும், எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வரைக்குமான வேகத் தகுதியையும் குறிக்கின்றன. முரட்டு வகை ஆல் டெரெய்ன் டயர்கள் பலவற்றில் வேகத் தகுதி கியூ என்று, அதாவது 160 கிலோமீட்டர் என்று குறைந்திருக்கும். வண்டித் தயாரிப்பாளர் கேட்கும் தாங்குதிறனுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது.

எல்.டி. என்ற எழுத்துகள் தொடக்கத்தில் இருந்தால், அது இலகு ரக லாரிகளுக்கான வலுவான கட்டமைப்பு. கூரிய கற்களை அது நன்றாகத் தாங்கும். ஆனால் அதே எடையைச் சுமப்பதற்கு அதற்குச் சாதாரண டயரைவிட அதிகக் காற்றழுத்தம் தேவைப்படுகிறது, சவாரியும் இறுக்கமாக இருக்கும். சுமையில்லாமல் ஓடும் குடும்ப வண்டிக்கு இது பெரும்பாலும் மிகையானது என்றே கருதுகிறேன்.

எம் பிளஸ் எஸ் என்ற குறியைப் பார்த்துப் பனியிலும் சேற்றிலும் போகும் என்று நம்பிவிட வேண்டாம். அது பட்டனின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே இடும் குறி. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருந்தால் மட்டுமே, அந்த டயர் பனியில் சோதிக்கப்பட்டுத் தேறியது என்று கொள்ளலாம்.

கடைசியாக, டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்வரிசையின் இறுதி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த டயரைப் புதியது என்று வாங்கிவிடாதீர்கள்.

கேள்வி: கரட்டுப் பாதையில் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். டயர் கெட்டுவிடாதா? எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் இதையே மிக முக்கியமானதாக நினைக்கிறேன். எந்த டயர் என்பதைப் பற்றிச் செலவிடும் அக்கறையில் பாதியை எவ்வளவு காற்று என்பதற்குக் கொடுத்தால், மட் டெரெய்ன் வாங்கும் எண்ணமே பலருக்கு வராது.

காற்றைக் குறைக்கும்போது டயர் தரையில் பதியும் பரப்பு கூடுகிறது. அகலத்தைவிட நீளவாக்கில்தான் அது அதிகமாகக் கூடுகிறது. வண்டியின் எடை அதிக இடத்தில் பரவுவதால் மணலில் சக்கரம் புதையாது. பாறையின் மேல் டயர் விறைத்து நின்று குத்துப்படாமல், கல்லின் வடிவத்துக்கு ஏற்ப வளைந்து அதைப் பற்றிக்கொள்ளும். காய்ந்த மணலில் புதைந்து நிற்கும் ஹைவே டயர் வண்டிகூடக் காற்றைப் பாதியாக்கியதும் தானாக மேலேறி வருவது உண்டு.

தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைக்கும் வண்டி என்றால், ஜல்லி பரவிய மண்சாலைக்கு 26 முதல் 28 வரை, பாறைப் பாதைக்கு 20 முதல் 25 வரை, ஆழமான மணலுக்கு 16 முதல் 18 வரை என்று தொடங்கலாம். வண்டியின் எடையையும் சுமையையும் பொறுத்து இவை மாறும். 15க்குக் கீழே போனால், கூர்மையான திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவிவிடும் அபாயம் உண்டு. எவ்வளவு குறைக்கிறீர்களோ அந்த அளவுக்கு வேகமும் குறைய வேண்டும். 18 பி.எஸ்.ஐ.யில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள்.

டயர் கெடுவது காற்றைக் குறைப்பதனால் அல்ல. குறைத்த காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறுவதனால்தான். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்வதால் உள்ளே வெப்பம் ஏறுகிறது. அந்த வெப்பத்தில் அடுக்குகள் பிரிந்து, நல்ல வேகத்தில் டயர் கிழிந்துபோகும். ஆகவே, திரும்பக் காற்று நிரப்புவதற்குக் கையடக்க கம்ப்ரஸரும் நம்பகமான அழுத்தமானியும் வண்டியில் இல்லாமல் காற்றைக் குறைக்கவே வேண்டாம். தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் நின்று நிரப்பிவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும்.

சாலைக்கு உரிய அழுத்தம், ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தாளில் இருக்கும். டயரின் மீது பொறித்திருப்பது, தாங்கக்கூடிய உச்ச அளவு. அதுவரை நிரப்புவது தவறு. டயர் ஆறியிருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அளவு ஏறிக் காட்டுவது இயல்பு; அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

வேறு வகை டயருக்கு மாறியவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தரையைத் தொடும் பட்டன் பரப்பின் மீது, ஒரு தோளிலிருந்து மறு தோள்வரை குறுக்காகச் சாக்பீஸால் தடிமனாக ஒரு கோடு போடுங்கள். சமதளத்தில் நேராகச் சில பத்து மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு முழுவதும் சீராக மங்கியிருந்தால் அழுத்தம் சரி. நடுவில் மட்டும் அழிந்து இரு ஓரங்களிலும் வெள்ளை அப்படியே இருந்தால் காற்று அதிகம். ஓரங்கள் அழிந்து நடுவில் வெள்ளை நின்றால் குறைவு. தாளில் உள்ள அளவைச் சரிபார்க்க இது துணை செய்யும். அந்த அளவுக்குக் கீழே இறங்குவதற்கு இதைக் காரணமாக்க வேண்டாம்.

கேள்வி: நிறுவனம் கொடுத்ததைவிட ஓர் அளவு பெரிய டயர் போட்டால் தரையிலிருந்து உயரம் கூடும் அல்லவா?

பதில்: கூடும், ஆனால் நினைப்பதைவிடக் குறைவாக. 265/65 ஆர் 17 டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். 265/70 ஆர் 17 போட்டால் 803. வித்தியாசத்தில் பாதிதான் வண்டியை உயர்த்தும், அதாவது சுமார் 13 மில்லிமீட்டர். அதற்கு விலையாக, வேகமானியின் கணக்கு மூன்றரை விழுக்காடு அளவுக்குப் பிசகும்: பழைய டயரில் முள் 100 காட்டிய அதே இடத்தில், இப்போது வண்டி அதைவிட மூன்றரை விழுக்காடு கூடுதல் வேகத்தில் போகும். இழுவையும் சற்றுக் குறையும், ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது டயர் உள்ளே உரசவும் கூடும். உயரமான பக்கச்சுவர் வேண்டும் என்பதே நோக்கமானால், வண்டியின் கையேடு அனுமதிக்கும் சிறிய ரிம்முக்கு மாறி, மொத்த விட்டத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வது மேலான வழி.

கேள்வி: செலவைக் குறைக்க, பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் ஆல் டெரெய்ன் போடலாமா?

பதில்: வேண்டாம். முன்னும் பின்னும் வேறு வேறு பிடிமானம் இருந்தால் ஈரச் சாலையில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்க முடியாது. சுற்றளவும் வேறுபட்டால், நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும் வண்டிகளில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைத்துச் சூடாகித் தேயும். நான்கையும் சேர்த்து மாற்ற இயலாவிட்டால், பழைய வகையிலேயே இரண்டு வாங்கிக்கொண்டு காத்திருங்கள்.

கேள்வி: ஸ்டெப்னிக்கும் அதே டயர் தேவையா? பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்ட முடியுமா?

பதில்: பட்டன் பகுதியில் ஆணி ஏறிய சிறு துளையை ஒட்டலாம். பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் பகுதி என்பதால் அங்கே போடும் ஒட்டு நிற்காது. கிழிந்த டயரைக் கழித்துவிட வேண்டியதுதான். கரட்டுப் பாதையில் கல் பெரும்பாலும் வெட்டுவது அந்த இடத்தைத்தான். எனவே ஸ்டெப்னி, ஓடும் டயர்களின் அதே அளவிலும் வகையிலும் இருக்க வேண்டும். சிறிய தற்காலிக ஸ்டெப்னியை நம்பிக் காட்டுக்குள் இறங்காதீர்கள். ஐந்தாவது டயரையும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை சுழற்சியில் சேர்த்துக்கொண்டால் ஐந்தும் ஒன்றாகத் தேயும். பள்ளத்தின் ஆழம் பல நாடுகளின் சட்டக் குறைந்தபட்சமான 1.6 மில்லிமீட்டரைத் தொடும்வரை காத்திருக்காமல், 4 மில்லிமீட்டருக்கு வந்ததுமே அடுத்த தொகுதியைப் பற்றி யோசிக்கத் தொடங்குங்கள். மழையில் நீரை வெளியேற்றும் திறனும் சேற்றைக் கவ்வும் திறனும் அதற்குள்ளாகவே வெகுவாகக் குறைந்திருக்கும்.