டார்கோ என்ற கெட்ட வார்த்தை

அன்புள்ள சார்,

மிச்சிகனில் நோவை நகரத்தில் இருக்கிறேன். கார் கம்பெனி வேலைதான், இங்கே வேறென்ன. வந்து ஆறு வருடமாகிறது. வந்த நாள் முதல் இங்குள்ள என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணியின் ரசிகன், அதாவது வந்த நாள் முதல் தோல்வியைப் பார்த்துக்கொண்டிருப்பவன். 2023-24 சீசனில் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்றதையும் உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த சீசனில் 44 வெற்றி வந்ததும் ஒரு வேகத்தில், 2000 முதல் பிஸ்டன்ஸ் டிராஃப்டில் (லீக்குக்குப் புதிதாக வரும் இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) எடுத்த ஒவ்வொரு வீரருக்கும் மதிப்பெண் போட்டு எக்ஸெல் ஒன்று தயாரித்தேன், இணைத்திருக்கிறேன். எத்தனையாவதாக எடுத்தார்கள், அந்த வீரர் கடைசிவரை எப்படி ஆடினார், அவருக்குப் பின்னால் போனவர்களில் சிறந்தவர் யார், இந்த மூன்றையும் வைத்துக் கணக்கு. 2003-க்கு மைனஸில் வருகிறது. லெப்ரான் ஜேம்ஸ் முதலில் போய்விட்டார், சரி. இரண்டாவதாக இவர்கள் எடுத்தது டார்கோ மிலிசிச். மூன்றாவது கார்மெலோ ஆன்டனி, நான்காவது கிறிஸ் பாஷ், ஐந்தாவது டுவைன் வேட்! எடுத்தவர்களுக்கு மூளை இருந்ததா? டிராஃப்டிலேயே அணியைக் கட்டிய ஓக்லஹோமா 2025 ஜூனில் கோப்பையே வாங்கிவிட்டது. கேட் கன்னிங்ஹாமை வைத்திருக்கும் நம் அணி அடுத்த மூன்று வருடத்தில் கோப்பைக்கு மோதும் அணியாகுமா? 2004-இல் நீங்கள் இந்தப் பக்கம் இருந்ததாக எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

எக்ஸெல்லைத் திறந்தேன். எட்டு ஷீட், பச்சை, மஞ்சள், சிவப்பு. என் மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு வருமான வரிக் கணக்கா என்று கேட்டாள். கூடைப்பந்து என்றேன். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

உழைப்பு தெரிகிறது தம்பி. ஆனால் டார்கோவுக்கு நேரே நீங்கள் போட்டிருக்கும் அந்த அடர்சிவப்பைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, அதனால்தான் இவ்வளவு சீக்கிரம் பதில். வழக்கமாக நான் மூன்று மாதம் எடுத்துக்கொள்வேன் என்பது இங்கே எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

சின்ன விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். 2020-இல் ஏழாவதாக கிலியன் ஹேய்ஸை எடுத்ததும், பன்னிரண்டாவது வரை டைரீஸ் ஹாலிபர்ட்டன் காத்திருந்ததும் நீங்கள் மூன்று பத்தி புலம்ப வேண்டிய அளவு பெரிய ரகசியம் இல்லை, டெட்ராய்டில் டீ ஆற்றுகிறவனுக்கும் தெரியும். ஓக்லஹோமா டிராஃப்டிலேயே கட்டிய அணி என்கிறீர்கள். அவர்களின் முதல் ஆட்டக்காரன் ஷேய் கில்ஜியஸ் அலெக்ஸாண்டரை 2018-இல் பதினொன்றாவதாக எடுத்தது சார்லட். அங்கிருந்து கிளிப்பர்ஸ், 2019-இல் பால் ஜார்ஜைக் கொடுத்து வாங்கிய டிரேடில், அதாவது அணிகளுக்குள் நடக்கும் மாற்றலில், ஓக்லஹோமா. ஜேலன் வில்லியம்ஸை எடுத்த பன்னிரண்டாவது இடமும் அதே டிரேடில் கிளிப்பர்ஸிடமிருந்து வந்ததுதான். லூ டோர்ட்டை டிராஃப்டில் எவனும் எடுக்கவே இல்லை. செட் ஹோம்கிரென் அவர்களுடைய சொந்தத் தேர்வு, ஒப்புக்கொள்கிறேன். போதும், அந்த ஊர்க் கதை வேண்டாம்.

இப்போது 2003. ஒரு விஷயத்தை நீங்கள் எங்கேயுமே எழுதவில்லை, எட்டு ஷீட்டிலும் தேடினேன். உங்கள் கணக்கில் மைனஸ் வாங்கிய அந்த டிராஃப்டுக்கு அடுத்த ஜூனில் பிஸ்டன்ஸ் சாம்பியன். ஷக்கீல் ஓநீல், கோபி பிரையன்ட், அவர்களோடு கோப்பைக்காகவே வந்து சேர்ந்த கார்ல் மலோன், கேரி பேய்ட்டன் இருந்த லேக்கர்ஸை 4-1 என்று முடித்தார்கள். ஜூன் 15, 2004. ஐந்தாவது ஆட்டம் 100-87. அன்றைக்கு நான் டிராய் ஊரில் ஒரு அபார்ட்மெண்ட்டில், நாலு பேர் சேர்ந்து வாங்கிய பழைய டிவிக்கு முன்னால் தயிர்சாதத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் நடந்த பேலஸ் அரங்கம் காரில் எட்டிப் பிடிக்கும் தூரம்தான், டிக்கெட்டுக்கு யாரிடம் காசு. அந்த அரங்கத்தையும் 2020-இல் இடித்துவிட்டார்கள்.

அந்த அணியில் முதலில் களமிறங்கும் ஐந்து பேரை எண்ணிப் பாருங்கள். சான்சி பில்லப்ஸ்: 1997-இல் பாஸ்டன் மூன்றாவதாக எடுத்தது. அந்த டிராஃப்டின் நட்சத்திரம் டிம் டங்கன் கிடைப்பான் என்று நம்பி வெறும் 15 ஆட்டம் ஜெயித்து நாசமாய்ப்போன சீசனுக்குப் பிறகு லாட்டரியில், அதாவது மோசமான அணிகளுக்கு டிராஃப்டின் முதல் இடங்களைக் குலுக்கிப் போடுவதில், கிடைத்த இடம் அது. எடுத்தவனை ஒரு சீசன்கூட முழுதாக வைத்துக்கொள்ளாமல் பிப்ரவரியிலேயே டொரன்டோவுக்குத் தள்ளினார்கள். ஊர் ஊராக அலைந்து 2002-இல் டெட்ராய்ட் வந்தவன் 2004 இறுதித் தொடரின் சிறந்த வீரன். உங்கள் எக்ஸெல்லை பாஸ்டனுக்கும் போட்டால் பில்லப்ஸ் பாஸ்டனின் பச்சைக் கட்டம்! பென் வாலஸ்: 1996 டிராஃப்டில் பெயரே வாசிக்கப்படாதவன், 2000-இல் கிரான்ட் ஹில் ஆர்லாண்டோவுக்குப் போனபோது பதிலுக்கு வந்தவன். இப்போது கூடைப்பந்து மேதைகளுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறான். ரிச்சர்ட் ஹாமில்டன் வாஷிங்டன் எடுத்து வளர்த்து, டெட்ராய்டுக்குக் கொடுத்த பிள்ளை. ரஷீத் வாலஸ் போர்ட்லாண்டிலிருந்து அட்லாண்டா போய் அங்கே ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு பிப்ரவரி 2004-இல் வந்து சேர்ந்தான். ஐவரில் டெட்ராய்ட் தானே டிராஃப்டில் எடுத்தது டெய்ஷான் பிரின்ஸ் ஒருவனைத்தான், அதுவும் 23-ஆவதாக.

ஆக, மற்றவர்கள் பழைய இரும்புக்குப் போட்டதையெல்லாம் பொறுக்கி வந்து கோப்பை வாங்கிய அணியை, அது டிராஃப்டில் என்ன வாங்கியது என்று எடை போடுகிறீர்கள். சந்தையில் வாங்கிய காய்கறி ரசீதை மட்டும் பார்த்துவிட்டுச் சமையலுக்கு மார்க் போடுகிற வேலை.

அந்த இரண்டாவது இடமே சும்மா கிடைத்ததுதான் தெரியுமா? 1997-இல் ஓட்டிஸ் தோர்ப் என்ற வயதான ஆட்டக்காரனை வான்கூவருக்குக் கொடுத்தபோது பதிலுக்கு எப்போதோ ஒருநாள் தருவதாக அவர்கள் சொன்ன முதல் சுற்று டிராஃப்ட் இடம். அந்த அணி மெம்ஃபிஸுக்குக் குடிபெயர்ந்து, 2003-இல் கொடுத்தே ஆகவேண்டிய கட்டம் வந்தது. முதலிடம் விழுந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். லாட்டரியில் கடைசியாக நின்றது கிளீவ்லாண்டும் மெம்ஃபிஸும். ஒரு உறை மாறியிருந்தால் லெப்ரான் மெம்ஃபிஸில். மாறவில்லை, மெம்ஃபிஸுக்கு ஒன்றுமே இல்லை. உங்களைப்போல் இருபத்திரண்டு வருடம் கழித்து யார் மூளையைப் பற்றியாவது பேசியே தீரவேண்டும் என்றால் அந்த டிரேடைப் பேசுங்கள்.

சரி, நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2003 முதல் 2008 வரை ஆறு வருடமும் லீக்கின் கிழக்குப் பாதியின் இறுதித் தொடருக்குப் போன அணி ஒரே கோப்பையோடு நின்றது. 2006-இல் அவர்களை வீட்டுக்கு அனுப்பியது மயாமி, அதாவது நீங்கள் ஐந்தாவது என்று ஆச்சரியக்குறி போட்டிருக்கும் அதே வேட். அடுத்த வருடம் லெப்ரான். வேட் நம் பக்கம் இருந்திருந்தால் என்று நானும் பல இரவு நினைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அணிக்கு ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த ஜோ டூமார்ஸ் கையில் ஏற்கெனவே பில்லப்ஸும் ஹாமில்டனும் இருந்தார்கள், கார்மெலோவின் இடத்தில் பிரின்ஸ் வளர்ந்துகொண்டிருந்தான், எதிரே ஏழடி உயரத்தில் இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு பையன். அவனை வியந்தது டெட்ராய்ட் மட்டுமா? மூளை இல்லாமல் எடுத்தார்கள் என்பது பிற்பாடு பிறந்தவர்களின் வீரம்.

எனக்கு உறுத்துவது எடுத்த நாள் இல்லை, அதற்கு அடுத்த நாள்.

டிராஃப்டுக்கு ஆறு நாள் முன்னால்தான் டார்கோவுக்கு 18 வயது முடிந்தது. செர்பியாவின் நோவி சாட் ஊர்ப் பையன். வந்து இறங்கியது கோப்பைக்குத் தயாராக இருக்கிற அணியில், பயிற்சியாளர் லாரி பிரவுன், சின்னப் பையன்களை வைத்து ஆடுகிற பொறுமை இல்லாதவர். முதல் சீசனில் 34 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அதுவும் எப்போது? முப்பது புள்ளி முன்னால் போய் எல்லாம் முடிந்த பிறகு. அரங்கமே டார்கோ, டார்கோ என்று கத்தும். வெற்றிச் சுருட்டு என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள், அவனை இறக்கினால் ஜெயித்தாகிவிட்டது, பற்றவைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். டிராயில் எங்கள் அபார்ட்மெண்ட்டிலும் கத்துவோம். நானும் கத்தினேன், தயிர்சாதம் சிதற. அந்தப் பையன் எந்திரித்து ஜாக்கெட்டைக் கழற்றும்போது முகம் எப்படி இருந்தது என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் இரண்டு வருடம் கழித்து சென்னையில் நானே அதைச் செய்தேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். 2006-இல் கேம்பஸ் இன்டர்வியூ எடுக்க விருதுநகர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்கு என்னை அனுப்பினார்கள். காலையிலிருந்து மாலைவரை எழுபது பேரைப் பார்த்ததில் ஒரு பையன், ஆங்கிலம் தடுக்கும், ஆனால் கேட்ட கணக்குக்கு விடை சொல்லிவிட்டு, சார் இதை இன்னொரு வழியிலும் போடலாம் என்று பேப்பரை என் பக்கம் திருப்பினான். அவனைத்தான் முதல் பெயராக எழுதினேன். ஆபீஸில் வந்து பெருமையடித்தேன். அவன் வந்து சேர்ந்தபோது என் புராஜெக்ட் டெலிவரி நெருக்கடியில் இருந்தது, கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, நேரம் இல்லை. பெஞ்சில் போடு, அப்புறம் பார்க்கலாம் என்றேன். ஐ.டி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும், பெஞ்ச் என்றால் உண்மையான பெஞ்ச் இல்லை, ஏ.சி. அறைதான், கம்ப்யூட்டரும் உண்டு. வேலை மட்டும் கிடையாது. எட்டு மாதம். நடுவில் இரண்டு முறை வந்து ஏதாவது கொடுங்க சார் என்று கேட்டான். வருட முடிவில் எல்லோரையும் வரிசைப்படுத்தும் கூட்டத்தில் அவன் பெயர் வந்தபோது காட்ட ஒன்றுமில்லை, கடைசிக் கட்டத்தில் போட்டார்கள். அப்போது நான் சொன்ன வாக்கியம் இன்னமும் ஞாபகம் இருக்கிறது: "இன்டர்வியூல நல்லாத்தான் தெரிஞ்சான், என்னமோ தேறல."

என்னமோ! அந்த என்னமோ நான்தான்.

அவன் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். சில வருடத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு கல்யாணத்தில் பார்த்தேன், அவனே வந்து அடையாளம் சொன்னான். ராஜபாளையத்தில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் வியாபாரம், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான், தொப்பை போட்டிருக்கிறது. நான் தயங்கித் தயங்கி அந்தக் காலத்தைப் பற்றி ஆரம்பித்தேன். "ஐயோ சார், அந்த எட்டு மாசம்தான் சம்பளத்தோட நிம்மதியா படம் பாத்தேன்" என்று சிரித்தான். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் இரண்டாவது தடவை ஊற்றச் சொன்னான். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. மன்னிக்கிறதற்குக்கூட அவன் அதை ஞாபகம் வைத்திருக்கவில்லை.

டார்கோவும் நன்றாகத்தான் இருக்கிறான். 2006-இல் ஆர்லாண்டோவுக்கு அனுப்பினார்கள், பிறகு மெம்ஃபிஸ், நியூயார்க், மினசோட்டா என்று சுற்றி 2012-இல் பாஸ்டனோடு முடிந்தது. பத்து சீசன் என்.பி.ஏ.வில் இருந்தவன் தம்பி, நீங்களும் நானும் பத்து நிமிடம் இருக்க முடியாத இடம் அது. இப்போது செர்பியாவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறான். அவன் எங்கே போயிருந்தாலும் தேறியிருக்க மாட்டான் என்று நீங்கள் வாதாடலாம், இருக்கலாம், ஆர்லாண்டோவில் ஆட இடம் கிடைத்தபோதும் அவன் வேட் ஆகிவிடவில்லை. ஆனால் 18 வயதில் அவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதற்கு உங்கள் எட்டு ஷீட்டில் ஒரு கட்டம் இல்லை. எடுத்த இடம் இருக்கிறது, விட்டவர்கள் பெயர் இருக்கிறது, ஆடிய நிமிடம் இல்லை.

உங்கள் கேள்வியை மறந்தேவிட்டேன். கோப்பைக்கு மோதுமா? 2025 பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் தொடர்கள்) நியூயார்க்கிடம் முதல் சுற்றிலேயே ஆறு ஆட்டத்தில் தோற்ற அணியை வைத்து மூன்று வருடத்துக்கு ஜோசியம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், பிளேஆஃபில் 15 முறை தொடர்ந்து தோற்ற பிறகு ஒன்றை ஜெயித்தார்களே, அன்றைக்கு நான் இங்கே விடிகாலையில் எழுந்து பார்த்தேன். 2023-இலும் 2024-இலும் லீக்கிலேயே மோசமான அணியாக முடித்தும், லாட்டரி இரண்டு முறையும் ஐந்தாவது இடத்துக்கு இறக்கியது, அதற்குக் கீழே போகக்கூடாது என்று விதி இருப்பதால் அங்கே நின்றது. அப்படியும் 14 வெற்றியிலிருந்து 44. கன்னிங்ஹாம் மட்டுமல்ல, பிக்கர்ஸ்டாஃப் பயிற்சியாளராக வந்ததும், டோபையஸ் ஹாரிஸ் மாதிரி நாலு பெரியவர்களைக் கூட்டி வந்து பையன்களுக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் காரணம். யாராவது ஒரு பில்லப்ஸ் இப்போது எந்த ஊரிலோ வேண்டாதவனாக உட்கார்ந்திருப்பான், அவனை இவர்கள் கண்டுபிடிப்பார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஏழாவது ஷீட்டில், 2024-இல் ஐந்தாவதாக எடுத்த ரான் ஹாலண்ட் பெயருக்கு நேரே சிவப்பு போட்டிருக்கிறீர்கள். 19 வயதில் ஆடிய ஒரே ஒரு சீசனுக்கு. ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் அவனை இறக்கினார்கள், கவனித்தீர்களா? அந்தச் சிவப்பை எடுத்துவிட்டு ஃபைலை மறுபடி அனுப்புங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.