நாம் எழுதும் நிரலை இயக்கும் சிறு சிப்பான மைக்ரோகண்ட்ரோலரைக் கொண்டு வீட்டுத் தானியங்கி அமைப்பை நாமே உருவாக்க முடியுமா? அந்தச் சிப் பொருத்திய எந்த போர்டை வாங்குவது, எதிலிருந்து தொடங்குவது?

முடியும். கொஞ்சம் நிரல் எழுதிய பழக்கமும், சாலிடரிங் செய்யத் தெரிந்த கையும், பொறுமையும் இருந்தால் போதும். ஆனால் போனைத் தொட்டதும் விளக்கு எரிவது இந்த வேலையின் மிக எளிய பகுதி. ரௌட்டர் நின்றுபோனாலும், போர்டு பழுதானாலும், நிரலில் பிழை இருந்தாலும், வீட்டுக்கு வந்த ஒருவர் இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைப் போட்டால் அந்த விளக்கு எரிந்தாக வேண்டும். என் வீட்டுக்கான அமைப்பைத் திட்டமிட்டபோது நான் முதலில் எழுதிவைத்த விதி இதுதான். பின்னர் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறந்தன என்பதால், உங்களுக்கும் இதை மனத்தில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

போர்டைத் தேர்ந்தெடுக்க நெடுநேரம் யோசிக்க வேண்டியதில்லை. ஆர்டுயினோ ஊனோ கற்றுக்கொள்வதற்கு மிக நல்லது. ஆனால் அதில் காலங்காலமாக இருந்துவரும் ஏடிமெகா328பி சிப்பில் 2 கிலோபைட் ரேம் மட்டுமே உண்டு, வைஃபை கிடையாது. எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 சிப் 2014இல் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபோதுதான் வைஃபையோடு கூடிய மலிவான மைக்ரோகண்ட்ரோலர் சாதாரண ஆர்வலர்களின் கைக்கு வந்தது. 2016இல் வந்த இஎஸ்பி32 அதைவிட வேகமானது, புளூடூத்தும், கம்பிகளை இணைக்கக் கூடுதல் பின்களும் கொண்டது. புதிதாகத் தொடங்குபவர் இஎஸ்பி32 வாங்கினால் போதும் என்பது என் கருத்து.

வாங்கியவுடன் நிரலுக்குப் போய்விடாமல், அந்த போர்டின் பின் வரைபடத்தை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள், ஏனெனில் எல்லாப் பின்களும் ஒன்றல்ல. முதலில் வந்த இஎஸ்பி32இல் 34 முதல் 39 வரையுள்ள பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே பயன்படும், அவற்றில் உள்ளமைந்த புல்-அப்பும் (எதுவும் இணைக்காதபோது பின்னை உயர்ந்த மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் மின்தடை) இல்லை. 6 முதல் 11 வரையுள்ளவை பெரும்பாலான மாட்யூல்களில் ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போய்விடுகின்றன. 0, 2, 5, 12, 15 ஆகியவற்றின் நிலையை சிப் துவங்கும் நேரத்தில் படித்துப் பார்க்கிறது. 12ஆம் பின்னை வெளியிலிருந்து ஏதாவது உயர்ந்த மின்னழுத்தத்துக்கு இழுத்துப் பிடித்திருந்தால், ஃபிளாஷுக்குத் தவறான மின்னழுத்தம் போய் போர்டு துவங்காமலே நின்றுவிடலாம். வைஃபை இயங்கும்போது ஏடிசி2 (மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்றும் இரண்டாவது பகுதி) பின்களில் அனலாக் அளவீடு எடுக்க இயலாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சென்சார் பழுது என்று எண்ணி மாற்றிக்கொண்டே இருப்பவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கும்.

போர்டின் சிறு சைகையைக் கொண்டு பெரிய மின்சுற்றைப் போட்டு அணைக்கும் சுவிட்சுதான் ரிலே. ரிலே மாட்யூல்களைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சந்தையில் கிடைக்கும் 5 வோல்ட் ரிலே மாட்யூல்களில் பல, உள்ளீட்டின் மின்னழுத்தம் தாழ்ந்தால் இயங்குபவை. மின்சாரம் போய்த் திரும்பும்போது, போர்டு துவங்கி உங்கள் நிரல் பின்னைக் கைக்கொள்ளும் வரையுள்ள சிறு இடைவெளியில், அந்தப் பின் எந்த நிலையிலும் இல்லாமல் மிதக்கிறது. அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். விளக்குக்கு இது பரவாயில்லை. ஆனால் அந்த ரிலேயில் தண்ணீர் மோட்டாரோ மின்பூட்டோ இருந்தால் ஏற்றுக்கொள்ள முடியாது. தீர்வு எளிது. ரிலே அணைந்திருக்கும் நிலைக்கு உள்ளீட்டை இழுத்துப் பிடிக்கும் ஒரு 10 கிலோ ஓம் மின்தடையை வெளியில் இணைத்துவிட்டு, துவக்கத்தில் நிலை மாறாத பின்னைத் தேர்ந்தெடுத்தால் போதும். இஎஸ்பி8266ஐப் பொறுத்தவரை 4, 5 ஆகிய பின்கள் இதற்குப் பாதுகாப்பானவை.

மின்வழங்கலில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வைஃபை தகவல் அனுப்பும் கணங்களில் இஎஸ்பி32 சில நூறு மில்லியாம்பியர் வரை இழுக்கும், சிறிய 5 வோல்ட் ரிலே ஒவ்வொன்றின் கம்பிச்சுருளிலும் (காயில்) சுமார் 70 மில்லியாம்பியர் ஓடும். எட்டு ரிலேக்கள் ஒன்றாக இயங்கினால் காயில்களுக்கு மட்டுமே அரை ஆம்பியருக்கு மேல் ஆகிறது. ரிலேக்களுக்கான 5 வோல்ட்டை அடாப்டரிலிருந்து நேரடியாகக் கொடுங்கள், போர்டில் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் வழியாக இழுக்காதீர்கள். போர்டுக்கு அருகில் 470 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கெபாசிட்டரும் போடுங்கள். காரணமே தெரியாமல் அடிக்கடி மீண்டும் துவங்கும் போர்டுகளில் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று விடுபட்டிருக்கும்.

இனி மெயின் மின்சாரம். இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். 120 வோல்ட்டோ 230 வோல்ட்டோ, இரண்டுமே உயிரை எடுக்கக்கூடியவை. மெயின் பக்கத்து இணைப்பைத் தகுதிபெற்ற மின்பணியாளரிடம் விடுங்கள், அல்லது அவர் பார்த்துச் சரி என்று சொல்லாமல் மின்சாரம் கொடுக்காதீர்கள். ரிலே துண்டிப்பது ஃபேஸ் கம்பியாகத்தான் இருக்க வேண்டும், நியூட்ரலாக இருக்கக் கூடாது. நியூட்ரலைத் துண்டித்தால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். தாழ்ந்த மின்னழுத்தக் கம்பிகளையும் மெயின் கம்பிகளையும் ஒரே குழாய்க்குள் இழுக்காதீர்கள். கடையில் வாங்கிய ஸ்மார்ட் பிளக்கைத் திறந்து புதிய நிரல் ஏற்ற நினைப்பவர்கள், அதைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே கணினியுடன் இணைக்க வேண்டும். அவற்றில் பலவற்றின் உட்சுற்று மெயினிலிருந்து பிரிக்கப்படாதது. சுவரில் மாட்டியிருக்கும் நிலையில் கம்பியை இணைத்தால் கணினியும் போகும், உங்களுக்கும் ஆபத்து.

ரிலேயின் மேல் அச்சிட்டிருக்கும் 10 ஆம்பியர் என்பது ஹீட்டர் போன்ற எளிய சுமைக்கான கணக்கு. மோட்டார் துவங்கும்போது இயங்கும் மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எல்இடி விளக்குகளின் டிரைவருக்குள் உள்ள கெபாசிட்டரும் முதல் கணத்தில் பெரும் மின்னோட்டத்தை இழுத்து, ரிலேயின் தொடுமுனைகளை ஒட்டிக்கொள்ளச் செய்துவிடலாம். ஒட்டிக்கொண்ட ரிலேயை எந்த நிரலாலும் அணைக்க முடியாது. ஆகையால் மோட்டாருக்கு நேரடியாக ரிலே வைக்காமல், ரிலே ஒரு கான்டாக்டரை (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்க, கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும்.

சுவர் சுவிட்சை உயிரோடு வைத்திருக்க இரண்டு வழிகள் உண்டு. மாடிப்படி விளக்குக்குக் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக டூ-வே சுவிட்ச் போடுவார்கள் அல்லவா, அதில் ஒரு சுவிட்சின் இடத்தில் ரிலேயின் மூன்று முனைகளையும் இணைப்பது முதல் வழி. போர்டு செத்துப்போனாலும் ரிலே தன் இயல்பு நிலைக்கு விழுந்துவிடும், சுவர் சுவிட்ச் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் இதில் ரிலேயின் நிலையை வைத்து விளக்கு எரிகிறதா இல்லையா என்று போர்டுக்குத் தெரியாது. விளக்குக்குப் போகும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று ஆப்டோகப்ளர் (இரண்டு சுற்றுகளை மின்சாரத்தால் இணைக்காமல் ஒளி வழியாகச் சைகை கடத்தும் பாகம்) மூலம் கண்டறியும் சிறு சுற்றைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது வழியில் சுவர் சுவிட்ச் போர்டுக்கு ஒரு சைகை மட்டும் தருகிறது, விளக்கைப் போடுவது போர்டுதான். இணைப்பு எளிது, நிலையும் தெளிவாகத் தெரியும், ஆனால் போர்டு நின்றால் சுவிட்சும் நின்றுவிடும். நான் மாடிப்படி, குளியலறை, வாசல் ஆகியவற்றுக்கு முதல் வழியையும், மற்ற இடங்களுக்கு இரண்டாவதையும் வைத்திருக்கிறேன். இரண்டாவது வழியில் சுவிட்சிலிருந்து வரும் கம்பி நீளமாக இருந்தால், உள்ளமைந்த புல்-அப்பை மட்டும் நம்பாமல் வெளியில் 4.7 கிலோ ஓம் மின்தடையும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் போடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தில் மின்விசிறியைப் போடும்போது, யாரும் தொடாத சுவிட்சைத் தொட்டதாக போர்டு எண்ணிவிடும்.

தொட்டி நிரப்பும் மோட்டாருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் ஒரு படி கூடுதலாக வேண்டும். தொட்டி நிரம்பியதும் நிறுத்தும் வேலையை நிரலுக்குக் கொடுங்கள், ஆனால் நிரலை மட்டும் நம்பாதீர்கள். தொட்டியின் மேல் மட்டத்தில் ஒரு மிதவை சுவிட்சை வைத்து, அதைக் கான்டாக்டரின் காயிலோடு தொடராக இணைத்துவிட்டால், போர்டு என்ன சொன்னாலும் தண்ணீர் வழியாது. நிரலுக்குள்ளும் அதிகபட்ச ஓட்ட நேரம் ஒன்றை வைத்துவிடுங்கள். தண்ணீர் இல்லாமல் மோட்டார் முடிவில்லாமல் வெறுமனே ஓடிக்கொண்டிருப்பதை அது தடுக்கும்.

போர்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள எம்கியூடிடி நெறிமுறை இன்றும் நல்ல தேர்வு. ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் 1999இல், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்காக இதை உருவாக்கினார்கள். குறைந்த தரவு வேகத்திலும் அறுந்து அறுந்து வரும் இணைப்பிலும் வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் தேவை. வீட்டிலேயே ஒரு சிறு கணினியில் மஸ்கிட்டோ என்ற புரோக்கரை (செய்திகளைப் பெற்று உரிய கருவிகளுக்கு அனுப்பும் மென்பொருள்) ஓடவிட்டால், இணையம் போனாலும் வீடு இயங்கும். இதில் ஒரு நுணுக்கம் முக்கியமானது. எம்கியூடிடியில் ஒரு செய்தியை 'ரிட்டெயின்' குறியுடன் அனுப்பினால், புரோக்கர் அதை வைத்திருந்து, புதிதாக இணையும் ஒவ்வொருவருக்கும் மீண்டும் கொடுக்கும். விளக்கு எரிகிறது என்ற நிலைச் செய்திக்கு இது மிகவும் பயன்படும். ஆனால் 'மோட்டாரைப் போடு' என்ற கட்டளையை அப்படி அனுப்பினால், எப்போதோ கொடுத்த கட்டளை, போர்டு மீண்டும் இணையும் ஒவ்வொரு முறையும் புதிய கட்டளைபோல வந்து மோட்டாரை ஓட்டிவிடும். நிலைக்கு ரிட்டெயின் வேண்டும், கட்டளைக்கு வேண்டவே வேண்டாம். போர்டு திடீரென்று தொடர்பை இழந்தால் அதன் சார்பில் புரோக்கரே அறிவிக்கும் 'லாஸ்ட் வில்' வசதியையும் பயன்படுத்துங்கள்.

நிரலை முழுக்க நீங்களே எழுத வேண்டுமா என்றால், கற்றுக்கொள்ளும் ஆர்வத்துக்காக ஒரு போர்டுக்காவது எழுதிப் பாருங்கள். மற்றவற்றுக்கு இஎஸ்பிஹோம் அல்லது டாஸ்மோட்டா என்ற ஆயத்த மென்பொருள் போதும், இரண்டும் வீட்டுக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளோடு நன்றாக இணைகின்றன. நீங்களே எழுதினால், காத்திருக்க, நிரலையே நிறுத்திவைக்கும் டிலே கட்டளையைப் போடாதீர்கள், அந்த நேரத்தில் சுவிட்சை அழுத்துபவருக்குப் பதில் கிடைக்காது. அதற்குப் பதிலாகப் பயன்படும், போர்டு துவங்கியதிலிருந்து கழிந்த மில்லிநொடிகளைச் சொல்லும் மில்லிஸ் எண்ணி 32 பிட் என்பதால் சுமார் 49.7 நாட்களில் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். இப்போதைய எண்ணிலிருந்து முந்தைய எண்ணைக் கழித்து ஒப்பிடும் முறையில் எழுதினால் இதனால் பாதிப்பு வராது.

வெளிச்ச சென்சாரை வைத்து விளக்கைப் போடுபவர்கள், அந்த சென்சார் அதே விளக்கின் வெளிச்சத்தைப் பார்க்காத இடத்தில் அதை வைக்க வேண்டும். பார்த்தால், இருட்டியதும் விளக்கு எரியும், வெளிச்சம் வந்துவிட்டது என்று அணையும், மீண்டும் எரியும். இப்படியே இரவு முழுவதும் ரிலே தட்டிக்கொண்டிருக்கும். போடும் அளவுக்கும் அணைக்கும் அளவுக்கும் இடையே போதிய இடைவெளி விடுவதும் அவசியம்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாக: வெளியிலிருந்து வீட்டை இயக்க ரௌட்டரில் போர்ட்டை (இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிடாதீர்கள், வயர்கார்டு போன்ற விபிஎன் (வீட்டு வலைக்குள் வரும் மறையாக்கப்பட்ட தனிப் பாதை) வழியாக வாருங்கள். புரோக்கருக்குக் கடவுச்சொல் வையுங்கள். இந்தக் கருவிகளைத் தனி வைஃபை வலையில் பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்விக்கு வருகிறேன். மேசை மேல், மெயின் மின்சாரம் எதுவும் இல்லாமல், ஒரு போர்டு, ஒரு ரிலே, ஒரு சுவிட்ச், விளக்குக்குப் பதிலாக 5 வோல்ட்டில் எரியும் சிறு எல்இடி ஆகியவற்றை வைத்துத் தொடங்குங்கள். எல்லாம் சரியாக இயங்கிய பிறகு ரௌட்டரை அணைத்துப் பாருங்கள், புரோக்கரை நிறுத்திப் பாருங்கள், போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள், ரௌட்டருக்கு முன்பே போர்டு துவங்கினால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எல்இடி நீங்கள் எதிர்பார்த்த நிலையில் இருந்தால், அந்தச் சுற்றை ஒரு தாளில் வரைந்து, எந்தப் பின்னில் எது இணைந்திருக்கிறது என்று குறித்து, சுவரில் மாட்டப்போகும் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவையுங்கள். பிறகு மின்பணியாளரை அழைத்து, வீட்டில் ஒரே ஒரு விளக்குக்கு மட்டும் அதை மாட்டுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அதைச் சில வாரங்கள் பயன்படுத்தி, குறை ஒன்றும் சொல்லாமல் இருந்தால், இரண்டாவது விளக்கைப் பற்றி யோசிக்கலாம்.