அட்டை இருக்கிறதா, கடைசிப் பக்கம் இருக்கிறதா?

பழைய காமிக்ஸ் வாங்குவது, விற்பது, பாதுகாப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

அப்பாவின் டிரங்குப் பெட்டியில் 1970களின் முத்து காமிக்ஸ் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. சில தனி இதழ்கள், மற்றவை ஆறு ஆறாக பைண்டு செய்தவை. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "மொத்தமாகப் பத்தாயிரம் தருகிறேன்" என்றார். கொடுத்துவிடலாமா? (வாசகி, விருதுநகர்)

கொடுங்கள், ஆனால் இப்போது வேண்டாம். மொத்தமாக விலை சொல்கிறவர் அந்தக் கட்டுக்குள் நாலைந்து இதழ்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். அந்த நாலைந்து எவை என்று உங்களுக்கும் தெரிந்த பிறகு பேரம் பேசலாம்.

ஒரு நோட்டை எடுத்து இதழ் எண், கதைப் பெயர், அட்டையில் அச்சாகியிருக்கும் விலை மூன்றையும் எழுதுங்கள். விலையை விட்டுவிடாதீர்கள். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. அதே கதை பிறகு மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. "முதல் புக்கு என்கிட்ட இருக்கு சார்" என்று எனக்குப் போன் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது மறுபதிப்புதான். விலை காசுக் கணக்கில் இருந்தால் பழசு. ரூபாயில் இருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு இதழையும் பக்க எண் பார்த்துப் புரட்டுங்கள். முதலில் போவது அட்டை, அதற்கடுத்து கடைசித் தாள். வில்லன் பிடிபடும் பக்கமே இல்லாமல் எத்தனையோ புத்தகங்கள் கை மாறிக்கொண்டிருக்கின்றன. கூப்பனை வெட்டியிருக்கிறார்களா, புதிரில் பேனாவால் விடை எழுதியிருக்கிறார்களா, வாடகை நூல் நிலையத்தின் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறதா, ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்துத் தாளில் காப்பி நிறத்தில் கறை படர்ந்திருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். விற்கும்போது இவற்றை நீங்களே சொல்லிவிட வேண்டும். வாங்கியவர் வீட்டுக்குப் போய்க் கண்டுபிடித்தால் பணத்தோடு உறவும் திரும்பிப் போகும்.

பைண்டு செய்த தொகுப்புகளைப் பிரிக்காதீர்கள். பைண்டர் கத்தி வைத்து மூன்று பக்கமும் ஓரத்தைச் சீவியிருப்பார், பல சமயம் அட்டையையும் கிழித்துப் போட்டிருப்பார். பிரித்தால் தையல் போட்ட இடத்தில் ஓட்டைகளோடு அளவு குறைந்த தனி இதழ்கள்தான் மிஞ்சும். தொகுப்பாகவே விற்றால், படிப்பதற்காக வாங்குகிறவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள்.

இணையத்தில் ஒருவர் "ரூ. 8,000" என்று போட்டிருப்பது அவருடைய ஆசை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதுதான் கணக்கு. சென்னை, ஈரோடு புத்தகக் காட்சிகளில் காமிக்ஸ் ஸ்டால் முன்னால் ஒரு மாலை நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எது என்ன விலைக்குப் போனது என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அங்கே கிடைப்பார்கள்.

இரும்புக்கை மாயாவியின் 'ஒரிஜினல் ஓவியப் பக்கம்' இருபத்தைந்தாயிரத்துக்கு வருகிறது. தமிழ் வசனங்கள் ஒட்டியிருப்பதால் சிவகாசியில் தயாரான அசல்தான் என்கிறார் விற்பவர். வாங்கலாமா? (வாசகர், கோவை)

தமிழ் வசனம் ஒட்டியிருப்பதே அது ஓவியரின் அசல் இல்லை என்பதற்கு அடையாளம்.

இரும்புக்கை மாயாவி லண்டனிலிருந்து வந்த 'வேலியண்ட்' வார இதழில் 1962இல் 'தி ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் தொடங்கிய தொடர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும் காட்சியை அவர் மையில் வரைந்த அசல் பக்கம் பிரிட்டிஷ் பதிப்பகத்துக்குப் போனது, சிவகாசிக்கு வரவில்லை. இங்கே வந்தது அச்சுக்கு உதவும் நகல். அதில் ஆங்கில வசனத்தை மறைத்துத் தமிழை ஒட்டி, மறுபடி படம் எடுத்து அச்சடித்தார்கள். உங்களுக்கு வந்திருப்பது அப்படி ஒட்டிய பக்கமாக இருக்கலாம். பழைய அச்சுத் தொழிலின் எச்சம் என்று ஆசைப்பட்டு ஒரு சிறு தொகைக்கு வாங்கினால் தப்பில்லை. இருபத்தைந்தாயிரம் ஓவியத்துக்கான விலை. அதில் ஓவியம் இல்லை.

சந்தேகம் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பகுதி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. கையால் வரைந்ததில் கறுப்பு ஒரே சீராக இருக்காது. தூரிகை திரும்பிய இடத்தில் மை தடித்திருக்கும், அடியில் பென்சில் கோடு தெரியும், தப்பை மறைக்க வெள்ளை பூசியிருக்கும். பெரும்பாலும் அச்சான அளவைவிடப் பெரிதாகவும் இருக்கும்.

தமிழ் காமிக்ஸில் அசல் வேண்டும் என்றால் அட்டைப்படங்களைத் தேடுங்கள். பல அட்டைகளை நம் ஊர் ஓவியர்களே வண்ணத்தில் வரைந்தார்கள். அவர்களை இன்னும் யாரும் சரியாகத் தேடவில்லை என்பது என் ஆதங்கம்.

கிழிந்த பக்கத்தை செல்லோடேப் போட்டு ஒட்டலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

கூடாது. சில வருடங்களில் டேப் உரிந்து விழும், பசை மட்டும் மஞ்சளாகத் தாளில் தங்கும். லாமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. நியூஸ்பிரிண்ட் வெளிச்சம் பட்டாலே பழுப்பேறி நொறுங்கும் தாள். பாலிப்ரோப்பிலீன் உறையில் போட்டு, வெயிலும் மழை ஓதமும் படாத அலமாரியில் வையுங்கள். ஃபைல்களுக்கு வரும் வழவழப்பான பிவிசி உறை வேண்டாம், அட்டை மை அதில் ஒட்டிக்கொள்ளும்.

என் தாத்தா சிறுவர் இதழ்களுக்குப் படம் வரைந்தவர். அவர் வரைந்த முப்பது பக்கங்கள் வீட்டில் இருக்கின்றன. வாங்குகிறவர், "புத்தகமாகவும் போட்டுக்கொள்வேன்" என்கிறார். சம்மதிக்கலாமா? (வாசகர், மதுரை)

தாளை விற்பது வேறு, அதில் உள்ள படத்தை அச்சிடும் உரிமையைத் தருவது வேறு. தாளை வாங்கியதால் மட்டும் புத்தகம் போடும் உரிமை வந்துவிடாது. நம் நாட்டுச் சட்டப்படி, ஓவியர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. தாத்தா மாதச் சம்பளத்துக்கு வரைந்தாரா, படத்துக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வரைந்தாரா என்பதைப் பொறுத்து அந்த உரிமை இதழிடமா குடும்பத்திடமா என்பது மாறும். வீட்டில் பழைய கடிதம், மணியார்டர் ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனைச் சீட்டில் "தாள் மட்டும்" என்று எழுதி, புத்தகத்துக்குத் தனி ஒப்பந்தம் போடுங்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத இன்னொன்று: பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு. ஓர் அசல் ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமையாளராக இருந்த ஓவியருக்கோ அவருடைய வாரிசுக்கோ அதில் ஒரு பங்கு உண்டு. பத்து சதவீதத்தைத் தாண்டாது. தாமாக முன்வந்து கொடுத்தவரை நான் பார்த்ததில்லை, கேட்டால்தான் கிடைக்கும்.

முப்பதையும் ஒரே ஆளிடம் கொடுக்க வேண்டாம். கொடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் நல்ல தரத்தில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் பல கோடிக்குப் போகிறதே, நம்முடையதும் ஒரு நாள் போகுமா? (வாசகர், சேலம்)

போகாது. சூப்பர்மேன் முதன்முதலில் வந்த, 1938இல் பத்து சென்ட் விலையில் வெளியான அந்த இதழின் ஒரு பிரதி 2024இல் 60 லட்சம் டாலருக்கு விற்றது. அதற்கு உலகம் முழுக்க வாங்க ஆள் இருக்கிறது. நம் பழைய காமிக்ஸை வாங்குகிறவர் சிறு வயதில் அதைக் கடையில் தொங்கப் பார்த்தவர். அவர் காலத்துக்குப் பிறகும் இந்த விலை நிற்குமா என்று எனக்கே சந்தேகம். லாபத்துக்காக என்றால் வங்கியில் போடுங்கள்.

புதிதாகச் சேர்க்க நினைக்கிறேன். பட்ஜெட் குறைவு. எங்கே தொடங்கலாம்? (கல்லூரி மாணவி, நெல்லை)

ராணி காமிக்ஸ். 1984இல் ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி' இதழோடு தொடங்கி 2005 வரை வந்தது. நிறைய அச்சடித்தார்கள், அதனால் இன்னும் கிடைக்கிறது. எல்லா எண்ணையும் சேர்க்கப் போகாமல் ஒரு நாயகனையோ ஓர் ஓவியரையோ பிடித்துக்கொள்ளுங்கள். பழைய புத்தகக் கடைக்கு ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் நாங்கள் பொறுக்கியது போக மீதிதான் இருக்கும்.