ஒமாஹாவில் நாலாம் வகுப்பு வரலாறு: எங்கிருந்து தொடங்குவது?

ஒமாஹாவுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, நாலாம் வகுப்பில் மகளுக்கு 'வெஸ்ட்வர்ட் எக்ஸ்பான்ஷன்' (அமெரிக்கா மேற்கே விரிந்த கதை) என்று ஒரு பாடம், புராஜெக்ட் வேறு கேட்கிறார்கள், கௌபாய் படம் பார்த்ததைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது, எங்கே போய்ப் படிப்பது என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. பதினாறு வருடத்துக்கு முன்னால் என் பையன் இதே கேள்வியோடு வந்து நின்றபோது நானும் முழித்தவன்தான். புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் காரை எடுங்கள். நீங்கள் குடியிருப்பதே அந்தப் பாடத்துக்கு நடுவில்தான்.

1803-இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கிய லூசியானா பரப்புக்குள் ஒமாஹா இருக்கிற இந்த நெப்ராஸ்கா மாநிலமும் வருகிறது. 1840களில் மிசூரியிலிருந்து மேற்குக் கரையோர ஆரிகனுக்குக் குடியேறப் போனவர்களின் வண்டிகள் கிளம்பின. ஏறக்குறைய 2,000 மைல், நாலிலிருந்து ஆறு மாதம். படத்தில் வருவதுபோல் குதிரை பூட்டிப் பறக்கவில்லை. பெரும்பாலும் மாட்டு வண்டிதான், மாடு விலையும் குறைவு, வழியில் கிடைத்த புல்லைத் தின்றுவிட்டு நடக்கும். வண்டிக்குள் மாவு மூட்டையும் தட்டுமுட்டுச் சாமானும் அடைத்திருந்ததால் மனிதர்கள் பக்கத்தில் நடந்தே போனார்கள். வழியில் அதிகம் பேரைக் கொண்டுபோனது அம்பு இல்லை, காலரா.

மரமே இல்லாத சமவெளியில் வேரோடு புல்மண்ணைப் பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டினார்கள். கோடையில் குளுமை, மழை வந்தால் கூரையிலிருந்து சேறு சொட்டும். அப்படி ஒரு வீட்டை மியூசியத்தில் அம்மாவுக்குக் காட்டினேன். அடுப்பருகே காட்டெருமைச் சாணம் காய்ந்து கிடந்தது, விறகு இல்லாததால் அதைத்தான் எரித்தார்கள். "தட்டவே இல்லையா, கிடந்ததை அப்படியே பொறுக்கினார்களா? வேலை மிச்சம்" என்றார் அம்மா. நான் படித்த எதையும்விட அதுதான் என் பையனுக்கு நினைவிருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை பியாட்ரிஸ் ஊருக்குப் போங்கள், ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஹோம்ஸ்டெட் தேசிய வரலாற்றுப் பூங்கா அங்கேதான். ஹோம்ஸ்டெட் என்பது 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட நிலம் வழங்கும் சட்டம். சின்னப் பதிவுக் கட்டணம் கட்டி 160 ஏக்கர் எடுத்து, ஐந்து வருடம் குடியிருந்து பயிர் வைத்தால் பட்டா. குடிமகனாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வெளிநாட்டுக்காரரும் மனுப் போடலாம். கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற நமக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும், அது வேறு கதை.

ஆனால் பட்டா போட்டுக் கொடுக்க அந்த நிலமென்ன புறம்போக்கா என்று மகள் கேட்பாள். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். ஒமாஹா என்பதே இங்கிருந்த ஒரு பழங்குடியின் பெயர்தான். நயோபிரரா ஆற்றங்கரையில் இருந்த பொன்கா மக்களை 1877-இல் அரசாங்கம் இன்றைய ஓக்லஹோமாவுக்குத் துரத்தியது, அங்கே பலர் செத்தார்கள். அவர்களின் தலைவர் ஸ்டாண்டிங் பேரின் மகனும் இறந்தான். சொந்த மண்ணில் அடக்கம் செய்ய, 1879 குளிர்காலத்தில் மகனின் உடலோடு முப்பது பேரளவில் வடக்கே கிளம்பியவரை ராணுவம் பிடித்து ஃபோர்ட் ஒமாஹாவில் வைத்தது. அவர் விடுதலை கேட்டுப் போட்ட வழக்கு நடந்ததும் இந்த ஊரில்தான். பூர்வகுடியும் சட்டத்தின்முன் ஒரு மனிதரே என்று நீதிபதி டண்டி தீர்ப்பளித்தார். அதைச் சொல்லவே ஒரு கோர்ட்டு தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள். அந்தக் கோட்டை இப்போது கல்லூரி வளாகம், உள்ளே நடந்து பார்க்கலாம்.

புராஜெக்ட்டுக்கு ஷூ டப்பாவில் வண்டி மட்டும் வேண்டாம், பாதி வகுப்பு அதைத்தான் கொண்டுவரும், என் பையனுடையது பள்ளிப் பேருந்திலேயே சக்கரம் கழன்றது. ஒரு மேப் எடுத்து பிளாட் ஆற்றங்கரையோரம் வண்டிகள் மேற்கே போன தடத்தை ஒரு நிறத்திலும், பொன்கா மக்கள் வடக்கே நடந்த வழியை இன்னொரு நிறத்திலும் வரையச் சொல்லுங்கள். வண்டிக்காரர்களுக்கு வழி அடையாளமாக இருந்த சிம்னி ராக் பாறையைப் பார்க்க ஆசை வந்தால் அது மாநிலத்தின் மறுகோடி, குழந்தையோடு ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள், இரவு எங்காவது தங்கிவிட்டுப் போங்கள்.