தண்டையார்பேட்டை, பி.காம்., 2 வருட அனுபவம்: கிளியரிங் கம்பெனிக்கு நாலு வரியில் என்னைப் பற்றி என்ன எழுதி அனுப்புவது?

பாரிமுனைப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில், அதாவது துறைமுகச் சரக்குக்கு கஸ்டம்ஸ் அனுமதி வாங்கித் தருகிற கம்பெனியில் இருக்கிறேன். ஆள் தேவை என்று சொல்லிவிட்டால் வந்து குவியும் வாட்ஸ்அப் செய்திகளை வடிகட்டுவது என் தலையில்தான் விழும், அதனால் படிக்கிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முக்கால்வாசி இப்படித்தான் வரும்: "வணக்கம் சார், நான் பி.காம். முடித்திருக்கிறேன், அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், கடின உழைப்பாளி, எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன்." எந்த வேலையும் செய்வேன் என்கிறவருக்கு எந்த வேலையைக் கொடுப்பது? எனக்குத் தெரிய வேண்டியது, என் மேசையில் கிடக்கிற வேலையில் எதை இவர் எடுத்துக்கொள்வார் என்பதுதான்.

நீங்கள் சி.எஃப்.எஸ்.ஸில் (கண்டெய்னர்களை வைத்து கஸ்டம்ஸ் சோதனை முடித்து அனுப்புகிற சரக்கு நிலையம்) இறக்குமதிப் பக்கம் இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்தே எழுதலாம்:

"2 வருடம் சி.எஃப்.எஸ்.ஸில் இறக்குமதி டெலிவரி பார்த்தேன். கண்டெய்னர் உள்ளே வந்ததிலிருந்து கஸ்டம்ஸ் எக்ஸாமினேஷனுக்குத் திறந்து வைத்து, அவுட் ஆஃப் சார்ஜ் ஆனதும் லாரி ஏற்றிவிடுவது வரை தெரியும். இனி பில் ஆஃப் என்ட்ரி போடுகிற பக்கம் வரப் பார்க்கிறேன். வீடு தண்டையார்பேட்டை, ராத்திரி ஷிஃப்ட்டும் சரி."

அவ்வளவுதான். (அவுட் ஆஃப் சார்ஜ் என்பது சரக்கை வெளியே எடுக்க கஸ்டம்ஸ் தரும் அனுமதி, பில் ஆஃப் என்ட்ரி என்பது இறக்குமதிச் சரக்குக்காக கஸ்டம்ஸில் தாக்கல் செய்கிற பத்திரம்.) உண்மையிலேயே ஜி கார்டு பரீட்சைக்கு (கிளியரிங் கம்பெனி ஆட்கள் கஸ்டம்ஸில் வேலை பார்க்க கஸ்டம்ஸே நடத்துவது) படிக்கிறீர்கள் என்றால் அதையும் சேருங்கள், கார்டே கையில் இருந்தால் அது முதல் வரிக்கு வந்துவிட வேண்டும். அப்புறம், ஃப்ரீ டேஸ் (கட்டணம் இல்லாமல் விடுகிற நாட்கள்) முடிவதற்குள் சரக்கை வெளியே எடுத்துக் கொடுத்த அனுபவம் ஏதாவது இருந்தால் அரை வரி போடுங்கள், ஏனென்றால் ஷிப்பிங் லைனுக்கு டிடென்ஷன் (கண்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதித்தால் கட்டணம்), சி.எஃப்.எஸ்.ஸுக்கு கிரவுண்ட் ரென்ட் (இட வாடகை) என்று நாள் கணக்கில் ஏறுகிற பணத்துக்குத்தான் சரக்குக்காரப் பார்ட்டி எங்களைத் திட்டித் தீர்ப்பார், அந்த வலி தெரிந்த ஆள் என்றால் உடனே போன் போடத் தோன்றும்.

வீட்டு விலாசத்தை வேண்டுமென்றேதான் போடச் சொல்கிறேன். நம்ம ஏரியா பிள்ளைகள் வியாசர்பாடி, காசிமேடு என்று எழுதத் தயங்கி வெறுமனே "சென்னை" என்று போட்டுவிடுகிறார்கள். பேரைக் கேட்டதும் முகம் மாறுகிற ஆபீஸ்கள் இருக்கத்தான் செய்கின்றன, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்தத் தொழிலில் கதை வேறு. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் வண்டி மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று ராத்திரி பதினோரு மணிக்கு போன் வந்தால் தாம்பரத்திலிருந்து யார் வருவது? பக்கத்திலேயே இருக்கிறேன் என்பது இங்கே ஒரு தகுதி, அதை ஏன் மறைக்க வேண்டும்?

எழுதியதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அரை நிமிடத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டியதுதான், முதலில் "கடின உழைப்பாளி" வகையறாவை வெட்டுங்கள். நேரில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டாலும் இதையே சொல்லலாம், மனப்பாடம் செய்து ஒப்பிக்காமல். மெயில் என்றால் ஆங்கிலத்தில், இதே நாலு வரி போதும். லிங்க்ட்இன் தலைப்பில் 220 எழுத்துக்குத்தான் இடம், அங்கே முதல் வரி மட்டும்.

காலையில் அனுப்பாதீர்கள், அப்போது கஸ்டம்ஸ் வேலையில் யாரும் போனைப் பார்க்கமாட்டார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல் அனுப்புங்கள், பயோடேட்டாவை பி.டி.எஃப்.பாகக் கூடவே சேர்த்து.