நட்டைக் கழற்றியும் பழைய மாருதி 800-இன் ஸ்டீயரிங் வீல் அசையவில்லை, எப்படி எடுப்பது?

வண்டி கடலூர் தேவனாம்பட்டினத்தில் பல வருஷம் ஓடாமல் நின்றது என்கிறீர்கள். பீச் பக்கத்து வண்டிக்கு இது வழக்கமான நோய்தான். வீலின் நடுப்பகுதி ஷாஃப்ட் நுனியில் உள்ள ஸ்பிளைன் (நீளவாக்கில் வெட்டிய வரிப்) பற்களில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஹார்ன் பேட் இடுக்கு வழியாக உப்புக்காற்று இறங்கி அங்கே துரு பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும், அதனால் பற்களுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல இறுகிவிடும்.

முதலில் கழற்றிய நட்டைத் திரும்பப் போடுங்கள். நட்டின் மேல்முகமும் ஷாஃப்ட் நுனியும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும், அடியில் இரண்டு மூன்று மரை இடைவெளி வேண்டும். நட்டு இல்லாமல் இழுத்தால், வீல் விடுபடும் நொடியில் நேராக முகத்தில் வந்து மோதும். பல் போன மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். ஷாஃப்ட் நுனி நசுங்காமல் காப்பதும் அதே நட்டுதான்.

வீலில் எஸ்ஆர்எஸ் என்று எழுத்து இருந்தால் ஏர்பேக் உண்டு, அதை வீட்டில் தொடாதீர்கள். இல்லையென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, முன்சக்கரங்களை நேராக வைத்து, ஷாஃப்ட்டிலும் வீலிலும் ஒரே கோட்டில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியால் புள்ளி வையுங்கள். மார்க்கர் கோடு எண்ணெய் பட்டால் அழிந்துவிடும்.

துரு இளக்கும் ஸ்பிரேயை ஸ்பிளைன் சந்தில் கொஞ்சமாக அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். நிறைய அடித்தால் கீழே இண்டிகேட்டர் சுவிட்சுக்கும் ஹார்ன் காண்டாக்ட்டுக்கும் வழிந்துவிடும். காலையில் வீலை இரண்டு கையாலும் பிடித்து, இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை என்று மாற்றி மாற்றி உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். லேசாகப் பிடித்தவை இதிலேயே வந்துவிடும்.

வரவில்லையா? புல்லர்தான் வழி: அதன் நடு போல்ட் ஷாஃப்ட் நுனியை அழுத்த, பக்கப் போல்ட்டுகள் வீலை வெளியே இழுக்கும். வீலின் நடுவில், நட்டுக்கு இருபுறமும் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். அந்த அளவு போல்ட் விரலாலேயே நாலைந்து சுற்று இறங்க வேண்டும். ஸ்பேனர் போட்டால்தான் இறங்குகிறது என்றால் அது தப்பான மரை. ரொம்ப ஆழமாகவும் விடாதீர்கள், அடியில் உள்ள சுவிட்சைக் குத்தி உடைத்துவிடும். 8.8 கிரேடு (அதிக உறுதியுள்ள) போல்ட்டே வாங்குங்கள், சாதாரண போல்ட் மரை உருவிக்கொள்ளும்.

புல்லர் கிடைக்காவிட்டால் 10 அல்லது 12 மிமீ கனமுள்ள இரும்புப் பட்டையில் மூன்று ஓட்டை போட்டால் போதும். ஓரத்து இரண்டும் பக்கப் போல்ட்டுகளுக்கு, நடுவில் 12 மிமீ போல்ட்டுக்கு மரை. முதுநகரிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையத்திலோ ஏதாவது லேத் பட்டறையில் இதைச் செய்து வாங்கலாம். வீலையும் கையோடு கொண்டுபோய் அளவு காட்ட முடியாதே, ஓட்டைகளின் இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கப் போல்ட் இரண்டும் சம நீளத்தில் இழுக்க வேண்டும். பட்டை சாய்ந்தால் வீல் கோணலாகி இன்னும் இறுகும். நடு போல்ட்டை நன்றாக இறுக்கி நிறுத்திவிட்டு, பத்து நிமிஷம் காத்திருந்து கால் சுற்று. மறுபடி காத்திருந்து இன்னொரு கால் சுற்று. விடுபடும்போது ‘டப்’ என்று பெரிய சத்தம் வரும், ஏதோ உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

அதற்கும் மசியாவிட்டால் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, ஹாட் ஏர் கன்னால் வீலின் நடுப்பகுதியை மட்டும் சில நிமிஷம் சூடாக்குங்கள். நடுப்பகுதி அலுமினியமாக இருந்தால் அது இரும்பைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரியும், பிடி சீக்கிரம் தளரும். இரும்பாக இருந்தால் சூடு ஷாஃப்ட்டுக்குப் பரவுமுன் புல்லரை இறுக்க வேண்டும். கேஸ் தீ மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக்கும் ஒயரும் உருகும், மிச்ச எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

சுத்தியலை ஏன் வேண்டாம் என்கிறேன் தெரியுமா? ஷாஃப்ட் நுனியில் ஓங்கி அடித்தால் மரை நசுங்கும், நட்டே ஏறாது. ஷாஃப்ட்டைத் தாங்கும் குழாயான ஸ்டீயரிங் காலத்தின் (column) பேரிங்கும் அடி வாங்கும். விபத்தில் சுருங்கும்படி செய்த ஸ்டீயரிங் காலம் என்றால் அந்தச் சுத்தியல் அடியிலேயே சுருங்கிவிடலாம், அதை வெளியிலிருந்து சுலபமாகக் கண்டுபிடிக்கவும் முடியாது. வீலுக்குப் பின்னாலிருந்து தட்டினால் உள் கம்பி வளையும். நட்டைத் திருப்பும்போது ஸ்டீயரிங் லாக்கை நம்பி நிறுத்துவதும் அதே மாதிரிதான், லாக் உடையும். ஒரு ஆளை வீலைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

திரும்பப் போடும்போது பற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி இறுகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் மெல்லிசாகத் தடவுங்கள். ஆனால் நட்டு மரையில் வேண்டாம், டார்க் (torque, இறுக்கும் விசை) கணக்கு மாறிவிடும். புள்ளியோடு புள்ளி சேர்த்து, இண்டிகேட்டரைத் தானாக அணைக்கும் காது சரியான பள்ளத்தில் விழுந்ததா பார்த்துவிட்டு, சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க்கில் இறுக்குங்கள். பிறகு பேட்டரியை இணைத்து, ஹார்ன் அடிக்கிறதா, திருப்பி நிமிர்த்தினால் இண்டிகேட்டர் அணைகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள்.