இரத்தம் வராத காயம்தான் பயம்: கராஜ்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மண் அள்ளும் பெக்கோவுக்குக் கிறீஸ் அடிக்கும்போது கிறீஸ் கன்னின் குழாய் பிய்ந்து, இடக்கைச் சுட்டுவிரலில் சின்னத் துளை. நேற்று மாலை நடந்தது. இரத்தம் வரவில்லை, வலியும் பெரிதாக இல்லை. இன்று விரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. மாத்திரை போதுமா டொக்டர்? (சுன்னாகம்)

போதாது தம்பி. இதை வாசித்து முடிக்கவும் வேண்டாம், உடனே யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போங்கள்.

மற்றவர்களுக்காக விளக்கத்தை எழுதுகிறேன். தோலைத் துளைக்க 100 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) போதும். லொறி டயருக்கு அடிக்கும் காற்றே கிட்டத்தட்ட அவ்வளவுதான். கையால் அழுத்தும் கிறீஸ் கன் பல ஆயிரம் பிஎஸ்ஐ தரும். பெக்கோவின் ஹைட்ரோலிக் குழாயும் 3,000 பிஎஸ்ஐயைத் தொடும். அந்த வேகத்தில் விரலுக்குள் போன கிறீஸ் அங்கேயே நிற்பதில்லை, தசைநாண் உறை வழியே உள்ளங்கை வரை ஓடிவிடும். வெளியே ஊசி குத்திய அளவு துளை. உள்ளே வீங்கி இரத்த ஓட்டம் அடைபடும், சதை அழுகத் தொடங்கும். ஆறு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சையில் திறந்து கழுவினால் விரல் தப்பும் வாய்ப்பு அதிகம். தாமதித்தவர்களில் பலர் விரலை இழந்திருக்கிறார்கள். தின்னர், பெயின்ற் என்றால் இன்னும் மோசம்.

பிதுக்கி எடுக்கப் பார்க்காதீர்கள். வைத்தியசாலையில் "விரலில் காயம்" என்று மட்டும் சொன்னால், துளையின் அளவைப் பார்த்து மருந்து கட்டி அனுப்பிவிடவும் கூடும். "கிறீஸ் கன் அடித்தது, இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். கிறீஸ் டின்னையும் கொண்டுபோனால் நல்லது. அப்புறம், குழாயில் கசிவு எங்கே என்று விரலால் தடவித் தேடும் பழக்கம் நம் கராஜ்களில் இருக்கிறது. ஒரு கடதாசி மட்டையைப் பிடித்துப் பாருங்கள், துளை விழுந்தால் மட்டையில் விழட்டும்.

துண்டான விரலை ஐஸுக்குள் போட்டுக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள். சரியா? என் கணவர் கராஜ் வைத்திருப்பதால் கேட்கிறேன். (கொடிகாமம்)

பாதி சரி தங்கச்சி. ஐஸ் நேரே பட்டால் விரல் உறைந்து கெட்டுவிடும். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் இட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வையுங்கள். பக்கத்துக் கூல்பாரில் ஐஸ் கிடைக்கும். இப்படிக் குளிரில் வைத்தால் விரல் 24 மணித்தியாலம் வரைகூடத் தாங்கலாம், வெளியே வைத்தால் அதில் பாதிதான். காயத்தைத் துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கயிற்றால் இறுக்க வேண்டாம். அம்புலன்ஸுக்கு 1990.

கையுறை போட்டால் எல்லா வேலையும் செய்யலாமா? (பருத்தித்துறை)

இல்லை. கிறைண்டர், துளை போடும் மெஷின் போன்று சுழலும் எதுவும் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும். மோதிரம், மணிக்கூடு, கோவிலில் கட்டிய நூல் எல்லாம் அப்படித்தான். கலியாண மோதிரம் என்றால் வீட்டில் கழற்றி வையுங்கள். மனைவி கோபித்தால் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

அறுவடை மெஷினில் சிக்கிய வைக்கலை இழுக்கும்போது உதவிப் பொடியன் ஸ்டார்ட் பண்ணிவிட்டான். மயிரிழையில் தப்பினேன். (சாவகச்சேரி)

பொடியனைத் திட்டி என்ன பயன்? சாவி எங்கே இருந்தது? யாருடைய கை உள்ளே இருக்கிறதோ அவருடைய சட்டைப்பையில்தான் சாவி இருக்க வேண்டும். பற்றரி வயரையும் கழற்றிவிடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டது என்று நம்பிவிடவும் வேண்டாம்: இறுகியிருந்த வைக்கல் விடுபட்டதும் கத்தி தானாக அசையும். தூக்கி வைத்த பகுதியை நிலத்தில் இறக்கி, லீவர்களை ஆட்டி ஹைட்ரோலிக் அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே கை வையுங்கள். இணைக்கும் ஆணி (பின்) போடும் ஓட்டை நேர்பட்டதா என்று விரல் விட்டுப் பார்ப்பவர்களும் கொஞ்சம் கேளுங்கள். அதற்குப் பித்தளைக் கம்பி போதும்.

சுத்தியல் பட்டு நசிந்த விரலுக்குப் பரியாரியார் புக்கை கட்டலாமா? (அச்சுவேலி)

தோல் கிழிந்திருந்தால் கட்டவே கூடாது. மஞ்சளும் கோப்பித்தூளும்கூட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தத் துணி சுற்றி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் என்று நினைவுபடுத்திக்கொண்டு வாருங்கள். நகம் கறுத்து விண்விண் என்று தெறித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அடியில் எலும்பு வெடித்திருக்கலாம்.